டேனியல் கெல்லி: ரெண்டு தேர்தல், ரெண்டு தடவையும் அதே 44 சதவீதம்

2020 ஏப்ரல்ல 44.7 சதவீதம். 2023 ஏப்ரல்ல 44.4 சதவீதம். விஸ்கான்சின் மாநில சுப்ரீம் கோர்ட் ஜட்ஜ் பதவிக்கு டேனியல் கெல்லிங்கிற வக்கீல் ரெண்டு தடவை மக்கள்கிட்ட ஓட்டு கேட்டு நின்னு, ரெண்டு தடவையும் வாங்கினது இவ்வளவுதான். எதிர்ல நின்னவங்க வேற வேற ஆள், நடுவுல கொரோனா வந்து போச்சு, ஜனாதிபதி மாறினார், கருக்கலைப்பு சட்டம் நாடு முழுக்கத் தலைகீழா புரண்டுச்சு, செலவான பணம் அஞ்சு மடங்குக்கு மேல ஏறுச்சு, ஆனா அவரோட பங்கு மட்டும் அரை சதவீதம் கூட நகரல. இதைப் பார்த்ததும்தான் இந்தக் கேஸை முதல்லேர்ந்து உக்காந்து படிக்கணும்னு தோணுச்சு. ஜட்ஜ் தேர்தல்ல ஓட்டுப் போடுறவங்க உண்மையில எதைப் பார்த்துப் போடுறாங்கன்னு புரிஞ்சிக்க இதைவிட நல்ல கேஸ் எனக்குத் தெரிஞ்சு இல்ல.

முதல்ல அங்க சிஸ்டம் எப்படின்னு சொல்லிடுறேன், ஏன்னா அது தெரியலன்னா பாதி விஷயம் புரியாது. அமெரிக்காவுல ஃபெடரல் ஜட்ஜுகளை ஜனாதிபதி நியமிப்பார், செனட் ஒத்துக்கணும், அப்புறம் ஆயுசுக்கும் பதவி. மாநில கோர்ட் அப்படி இல்ல, பாதிக்கும் மேலான மாநிலங்கள்ல சுப்ரீம் கோர்ட் ஜட்ஜா இருக்கிறவங்க ஏதோ ஒரு வகையில மக்கள் ஓட்டைச் சந்திச்சே ஆகணும். விஸ்கான்சின் 1848ல மாநிலமா ஆனதுலேர்ந்தே ஜட்ஜுகளைத் தேர்ந்தெடுக்கிற ஊர். மொத்தம் 7 ஜட்ஜ், ஒவ்வொருத்தருக்கும் 10 வருஷ டெர்ம், தேர்தல் எப்பவும் ஏப்ரல்ல, பேலட்ல கட்சிப் பேர் இருக்காது, ஆனா கன்சர்வேட்டிவ்னா ரிபப்ளிகன் பக்கம், லிபரல்னா டெமாக்ராட் பக்கம்னு எல்லாருக்கும் தெரியும். இன்னொரு விதி ரொம்ப முக்கியம்: ஒரு வருஷத்துல ஒரே ஒரு சீட்டுக்குத்தான் தேர்தல் நடத்தலாம்னு அவங்க மாநில அரசியல் சட்டமே சொல்லுது. நடுவுல யாராவது ரிடையர் ஆனா கவர்னர் ஒருத்தரை நியமிப்பார், அவர் எந்த வருஷம் வேற சீட்டுக்குத் தேர்தல் இல்லையோ அந்த வருஷம்தான் மக்கள்கிட்ட போகணும்.

கெல்லி உள்ள வந்தது இந்த வழியாத்தான். கலிஃபோர்னியாவுல பிறந்து கொலராடோவுல வளர்ந்து, வாக்கேஷாவுல இருக்கிற கரோல் காலேஜுக்குப் படிக்க விஸ்கான்சின் வந்தவர், அப்புறம் வர்ஜீனியாவுல ரீஜென்ட் யுனிவர்சிட்டியில லா முடிச்சார். மில்வாக்கியில பல வருஷம் பிராக்டிஸ். 2011ல ரிபப்ளிகன் கட்சிக்காரங்க போட்ட தொகுதி மேப்பை (சட்டமன்றத் தொகுதிகளோட எல்லையை) எதிர்த்து ஃபெடரல் கோர்ட்ல கேஸ் வந்தப்போ அந்த மேப்புக்காக வாதாடின வக்கீல்கள்ல இவரும் ஒருத்தர். 2016ல ஜஸ்டிஸ் டேவிட் ப்ராஸர் டெர்ம் முடியுறதுக்கு முன்னாடியே ரிடையர் ஆனார், அந்த இடத்துக்கு கவர்னர் ஸ்காட் வாக்கர் ஜூலையில கெல்லியை நியமிச்சார். அதுவரைக்கும் கெல்லி எந்தக் கோர்ட்லயும் ஜட்ஜா உக்காந்ததே இல்ல, வக்கீல் மேஜையிலேர்ந்து நேரா மாநிலத்தோட உச்ச பெஞ்சுக்கு. 2017, 2018, 2019 மூணு வருஷமும் வேற சீட்டுகளுக்குத் தேர்தல் இருந்ததால இவரோட முறை 2020க்குத் தள்ளிப் போச்சு. நாலு வருஷம் பெஞ்சுல உக்காந்து தீர்ப்பு எழுதின பிறகுதான் மக்கள் முதல் தடவையா அவரைப் பத்தி ஒரு வார்த்தை சொல்ல முடிஞ்சுது.

அந்த 2020 தேதியே அவருக்கு ஒரு கண்டம்னு அவர் பக்கத்து ஆட்களுக்கு முன்கூட்டியே தெரியும். 2020 ஏப்ரல்லதான் ஜனாதிபதி ப்ரைமரியும், அதாவது ஒவ்வொரு கட்சியும் தன் ஜனாதிபதி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கிற ஓட்டும். ட்ரம்ப்புக்குச் சொந்தக் கட்சியில பெரிய போட்டி இல்ல, ஆனா டெமாக்ராட்ஸ் பக்கம் நிறைய பேர் ஓட்டுப் போட வருவாங்க, வந்தவங்க அதே ஓட்டுச் சீட்டுல ஜட்ஜுக்கும் குத்திட்டுப் போவாங்க. அதனால 2018 நவம்பர்ல வாக்கர் தோத்து டெமாக்ராட் டோனி எவர்ஸ் கவர்னரா வர்றதுக்கு முன்னாடி இருந்த அந்த ரெண்டு மாச இடைவெளியில, ஜனாதிபதி ப்ரைமரியை மட்டும் தனியா மார்ச்சுக்கு மாத்திடலாம்னு ரிபப்ளிகன் சட்டமன்றத் தலைவர்கள் ஒரு திட்டம் கொண்டு வந்தாங்க. கெல்லிக்கு அது உதவும்ங்கிறதை மறைக்கக்கூட இல்ல. தனியா ஒரு தேர்தல் நடத்த சுமார் 70 லட்சம் டாலர் ஆகும்னு கணக்கு வந்துச்சு, தேர்தல் நடத்துற கவுண்டி (நம்ம மாவட்டம் மாதிரி) கிளார்க்குகள் கட்சி பாக்காம எதிர்த்தாங்க, திட்டத்தைக் கைவிட்டுட்டாங்க. பேலட்ல கட்சிப் பேரே இல்லாத ஒரு ஜட்ஜ் பதவிக்காக ஜனாதிபதி ப்ரைமரி தேதியையே நகர்த்தப் பாத்திருக்காங்க. கட்சி சார்பில்லாத தேர்தல்ங்கிறது எவ்வளவு மெல்லிய திரைன்னு அங்கயே தெரிஞ்சிடுது.

ஜட்ஜ் தேர்தல்லயும் முதல் ரவுண்டு ஒண்ணு உண்டு, அதுல முதல் ரெண்டு பேர்தான் ஏப்ரலுக்குப் போவாங்க. அந்த பிப்ரவரி ப்ரைமரி அவருக்கு நல்லாத்தான் ஆரம்பிச்சுது. கெல்லி 50 சதவீதம், டேன் கவுண்டி ஜட்ஜ் ஜில் கரோஃப்ஸ்கி 37, மார்க்வெட் யுனிவர்சிட்டி லா ப்ரொஃபசர் எட் ஃபாலோன் 13 கிட்ட. (ஃபாலோனும் ஒருமுறை 2013ல இதே கோர்ட்டுக்கு நின்னு தோத்தவர்தான். நல்ல படிப்பாளி, ஆனா ரெண்டு தடவையும் அவர் படிப்பு ஓட்டா மாறல. அவரைப் பத்தி யாரும் பெருசா எழுதலங்கிறது எனக்கு வருத்தம்.) மேலோட்டமா பார்த்தா 50 வாங்கினவர் ஜெயிப்பார்னு தோணும். ஆனா எதிர்ப் பக்கத்து, அதாவது லிபரல் பக்கத்து ரெண்டு பேரையும் கூட்டினா அங்கயும் 50, அதுவும் கொஞ்சப் பேர் மட்டும் ஓட்டுப் போட வர்ற பிப்ரவரியில.

அப்புறம் கொரோனா. ஏப்ரல் 7 தேர்தல், ஏப்ரல் 6 அன்னிக்கு எவர்ஸ் நேரடி ஓட்டுப்பதிவைத் தள்ளி வைக்கிறேன்னு உத்தரவு போட்டார், அன்னிக்கு சாயங்காலமே மாநில சுப்ரீம் கோர்ட் 4-2ல அதை நிறுத்திடுச்சு. தன் தேர்தல்ங்கிறதால கெல்லி அந்தத் தீர்ப்புல கலந்துக்கல, அது சரியான முடிவுதான். ஆனா அந்த நாலு பேரும் அவரோட கன்சர்வேட்டிவ் அணின்னு எல்லாருக்கும் தெரியும். அதே நாள் ராத்திரி வாஷிங்டன்ல ஃபெடரல் சுப்ரீம் கோர்ட் 5-4ல, தபால் ஓட்டு 13ஆம் தேதி வரைக்கும் வந்து சேரலாம், ஆனா தேர்தல் நாளுக்குள்ள போஸ்ட்மார்க் விழுந்திருக்கணும்னு சொல்லிடுச்சு. கேட்ட தபால் ஓட்டுச் சீட்டு வீட்டுக்கே வந்து சேராதவங்க கதி? ஒண்ணு ஓட்டை விடணும், இல்ல நோய்க்கு நடுவுல க்யூல போய் நிக்கணும்.

மில்வாக்கியில வழக்கமா 180 பூத், அன்னிக்குத் திறந்தது 5. க்ரீன் பேயில 31க்கு 2. மாஸ்க் போட்டுக்கிட்டு மணிக்கணக்கா தெருவுல தள்ளித்தள்ளி நின்ன அந்த வரிசை போட்டோக்களை அந்த நாள்ல பார்த்தவங்க மறந்திருக்க மாட்டாங்க. சட்டமன்ற சபாநாயகர் ராபின் வோஸ், பர்லிங்டன்ல பூத் வேலைக்குப் போனவர், தலைலேர்ந்து கால் வரைக்கும் பாதுகாப்பு கவுன், க்ளவுஸ், மாஸ்க் எல்லாம் போட்டுக்கிட்டு வெளிய வர்றது ரொம்ப சேஃப்னு சொன்னார், அந்த வீடியோவும் ஊரெல்லாம் சுத்துச்சு. என்னைக் கேட்டா கெல்லியோட முதல் தோல்வி அந்த ஒரு நாள்ல இன்னும் ஆழமாச்சு. கூட்டம் குறைஞ்சா தங்களுக்கு லாபம்னு ஒரு தரப்பு நினைக்குதுன்னு எதிர்த் தரப்பு ஓட்டர் நம்பினா, அவர் குறைய மாட்டார், பிடிவாதமா வந்து நிப்பார். தபால் ஓட்டே 11 லட்சத்தைத் தாண்டுச்சு. 13ஆம் தேதி எண்ணி முடிச்சப்போ கரோஃப்ஸ்கி 8,55,573, கெல்லி 6,93,134. பதவியில இருக்கிற ஜட்ஜ், ட்ரம்ப்போட வெளிப்படையான ஆதரவு வாங்கினவர், 1,62,000 ஓட்டுல தோத்தார். விஸ்கான்சின்ல பதவியில இருக்கிற சுப்ரீம் கோர்ட் ஜட்ஜ் தோக்கிறது ரொம்ப அபூர்வம்.

தோத்தாலும் டெர்ம் ஜூலை 31 வரைக்கும் இருந்துச்சு. மே 13, 2020ல எவர்ஸ் அரசோட வீட்டுலயே இருங்கங்கிற கொரோனா உத்தரவை கோர்ட் 4-3ல ரத்து பண்ணுச்சு. அந்த நாலுல கெல்லி ஒருத்தர். அஞ்சு வாரத்துக்கு முன்னாடி மக்கள் வேண்டாம்னு அனுப்பின ஒருத்தரோட ஓட்டு இல்லாம அந்தத் தீர்ப்பு அப்படி வந்திருக்காது. சட்டப்படி தப்பு ஒண்ணும் இல்ல, டெர்ம் முடியற வரைக்கும் அவர் ஜட்ஜ்தான், கேஸைக் கேட்டு தீர்ப்பு சொல்றது அவர் கடமை. ஆனா தேர்தல் மூலமா ஜட்ஜை நிர்ணயிக்கிற ஊர்ல மக்களுக்கு அது எப்படி வலிச்சிருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. அதே வருஷம் டிசம்பர் 14ல இன்னொரு 4-3. விஸ்கான்சின்ல பைடன் சுமார் 20,600 ஓட்டுல ஜெயிச்சதை எதிர்த்து ட்ரம்ப் போட்ட கேஸைத் தள்ளுபடி பண்ணின தீர்ப்பு. ப்ரையன் ஹேகடோர்ன் தன் அணியை விட்டு வந்து எழுதின தீர்ப்பு அது, நாலாவது ஓட்டு கெல்லி சீட்டுல உக்காந்திருந்த கரோஃப்ஸ்கியோடது. கெல்லி இருந்திருந்தா என்ன பண்ணியிருப்பார்னு நான் சொல்ல மாட்டேன், யாராலயும் சொல்ல முடியாது. ஆனா ஒரு சீட்டோட எடை என்னன்னு அன்னிக்கு மாநிலம் முழுக்கப் புரிஞ்சுது.

அதுக்கப்புறம் அவர் எடுத்த முடிவுதான் ரெண்டாவது தோல்விக்கு விதைன்னு நான் நினைக்கிறேன். திரும்பவும் ஜட்ஜா வரணும்னு ஆசைப்பட்டவர், நடுவுல இருந்த காலத்துல ரிபப்ளிகன் தேசியக் கமிட்டிக்கும் மாநிலக் கட்சிக்கும் தேர்தல் விவகாரத்துல சட்ட ஆலோசகரா வேலை பார்த்து கிட்டத்தட்ட 1,20,000 டாலர் வாங்கினார். 2020 டிசம்பர்ல ரிபப்ளிகன்கள் போலியா ஒரு எலெக்டர் பட்டியல் (மாநிலத்து சார்பா ஜனாதிபதிக்கு முறைப்படி ஓட்டுப் போடுறவங்க பட்டியல்) கூட்டினாங்களே, அது பத்தி கெல்லியோட விரிவா பேசினேன்னு அப்போ மாநிலக் கட்சித் தலைவரா இருந்த ஆண்ட்ரூ ஹிட் 2021 ஜனவரி 6ல அமெரிக்க நாடாளுமன்றத்துல நடந்த தாக்குதலை விசாரிச்ச கமிட்டிகிட்ட சொன்னார். கெல்லி தரப்பு அது ஒரு அரை மணி நேரப் பேச்சு, அவ்வளவுதான்னு சொல்லுச்சு. வக்கீல் கட்சிக்காரருக்கு வேலை பாக்கிறது தொழில், அதுல குத்தம் சொல்ல ஒண்ணும் இல்ல. ஆனா அதே ஆள் மேடை ஏறி, நான் அரசியலே பேச மாட்டேன், சட்டம் மட்டும்தான் பேசுவேன், எதிர்ல நிக்கிறவங்கதான் அரசியல்வாதின்னு சொன்னா கேட்கிறவங்களுக்கு அந்தப் பேச்சு எங்க ஒட்டும்?

2023ல ஜஸ்டிஸ் பேஷன்ஸ் ரோகன்சாக் ரிடையர் ஆகிற சீட். கோர்ட் 4-3 கன்சர்வேட்டிவ், இந்த ஒரு சீட் மாறினா கோர்ட்டே மாறும். நாலு பேர் நின்னாங்க: கெல்லி, மில்வாக்கி ஜட்ஜ் ஜேனட் புரோட்டாசேவிட்ஸ், வாக்கேஷா ஜட்ஜ் ஜெனிஃபர் டோரோ, டேன் கவுண்டி ஜட்ஜ் எவரெட் மிட்செல். டோரோவை டிவி பாக்கிற எல்லாருக்கும் தெரியும், வாக்கேஷா கிறிஸ்துமஸ் ஊர்வலத்துக்குள்ள காரை ஓட்டி ஆறு பேரைக் கொன்னவனோட கேஸை அவ்வளவு கூச்சலுக்கு நடுவுல பொறுமையா நடத்தினவங்க. ரிபப்ளிகன் பக்கத்துல பலர் இவங்கதான் ஜெயிக்கக்கூடிய ஆள்னு நினைச்சாங்க. ஆனா கோடீஸ்வரர் ரிச்சர்ட் யூலைன் பணத்துல நடக்கிற குழு கெல்லிக்குப் பின்னாடி நின்னுச்சு, அந்தப் பக்கம் லிபரல் குழு ஒண்ணு டோரோவைத் தாக்கி விளம்பரம் போட்டுச்சு, அதாவது எதிர்த்தரப்பே கெல்லி வர்றதைத்தான் விரும்புச்சுன்னு எடுத்துக்கலாம். முடிவு: புரோட்டாசேவிட்ஸ் 46, கெல்லி 24, டோரோ 22, மிட்செல் 7.5. ரெண்டு சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல வித்தியாசத்துல கெல்லி அடுத்த ரவுண்டுக்குப் போனார். ஏற்கனவே பத்து பாயிண்ட்ல தோத்த ஆளையே திரும்ப அனுப்பினாங்க.

அதுக்குள்ள 2022 ஜூன்ல ஃபெடரல் சுப்ரீம் கோர்ட் கருக்கலைப்பு உரிமையை எடுத்துட்டதால விஸ்கான்சின்ல 1849ஆம் வருஷத் தடைச் சட்டம் ஒண்ணு மறுபடி உயிரோட வந்து நின்னுச்சு, க்ளினிக்குகள் கருக்கலைப்பை நிறுத்திட்டாங்க. அந்தச் சட்டம் செல்லுமாங்கிற கேஸ் இதே கோர்ட்டுக்கு வரப் போகுதுன்னு எல்லாருக்கும் தெரியும். புரோட்டாசேவிட்ஸ் நேராவே சொன்னாங்க, இந்த முடிவு பெண்ணோடதுங்கிறது என் தனிப்பட்ட மதிப்பீடு, தீர்ப்பு சட்டப்படி சொல்லுவேன்னு. தொகுதி மேப்பை மோசடியானதுன்னே சொன்னாங்க. 2002லயே ஃபெடரல் சுப்ரீம் கோர்ட் மினசோட்டா கேஸ் ஒண்ணுல ஜட்ஜ் வேட்பாளர் தன் கருத்தைச் சொல்றதைத் தடுக்கக் கூடாதுன்னு தீர்ப்பு சொல்லியிருக்கு, அதனால சட்டப்படி தடை இல்ல. எனக்கு அந்த மேப் பேச்சு உறுத்துது. நாளைக்குத் தன் முன்னாடி வரப் போற கேஸைப் பத்தி இன்னிக்கே அப்படி ஒரு வார்த்தை சொல்லிட்டு அப்புறம் பெஞ்சுல உக்காந்தா, தோத்த தரப்பு எப்படி மனசாரத் தீர்ப்பை ஏத்துக்கும்? கெல்லி இதைத்தான் திரும்பத் திரும்ப கேட்டார், கேள்வி நியாயமான கேள்விதான். ஆனா கேட்டது யாருன்னு ஓட்டர் பாத்தாங்க. கருக்கலைப்பு எதிர்ப்பு அமைப்புகள் அவருக்கு ஆதரவு கொடுத்திருக்கு, கட்சிகிட்ட சம்பளம் வாங்கியிருக்கார், அந்த மேப்போட மூதாதையான 2011 மேப்புக்காக வாதாடியிருக்கார். அவர் வாயால சொல்லலன்னாலும் அவர் எங்க நிக்கிறார்னு எல்லாருக்கும் தெரியும். அப்போ அவர் பேசாம இருந்தது நடுநிலையா தெரியல, மறைக்கிற மாதிரி தெரிஞ்சுது.

பணத்துல நடந்ததைக் கொஞ்சம் நிதானமா பாக்கணும். 2020 போட்டியில மொத்தம் 1 கோடி டாலர் அளவுக்குச் செலவு, அதுவே அந்த மாநிலத்துக்கு ரெக்கார்டு. 2023ல 5 கோடியைத் தாண்டிடுச்சு, அதுவரைக்கும் நாட்டுலயே எந்த ஜட்ஜ் தேர்தலும் இதுல மூணுல ஒரு பங்கைக்கூடத் தொட்டதில்ல. இந்தப் பணம் எப்படி ஓடுச்சுன்னா, 2015 கடைசியில வாக்கர் கையெழுத்துப் போட்ட ஒரு சட்டம் இருக்கு: தனிநபர் வேட்பாளருக்கு இவ்வளவுதான் கொடுக்கலாம்னு உச்சவரம்பு உண்டு, ஆனா கட்சிக்கு எவ்வளவு வேணா கொடுக்கலாம், கட்சி வேட்பாளருக்கு எவ்வளவு வேணா கொடுக்கலாம். ரிபப்ளிகன்கள் நிறைவேத்தின அந்தச் சட்டத்தை டெமாக்ராட் கட்சி முழுசா பயன்படுத்தி புரோட்டாசேவிட்ஸ் கேம்பெய்னுக்கு 80 லட்சம் டாலருக்கும் மேல அனுப்புச்சு. கெல்லி பக்கத்துப் பணம் பெரும்பாலும் வெளிக்குழுக்கள்கிட்ட இருந்துச்சு. இங்கதான் ஒரு நுணுக்கம். தேர்தல் நெருங்குற வாரங்கள்ல வேட்பாளரோட சொந்த கேம்பெய்னுக்கு டிவி ஸ்டேஷன் இருக்கிறதுலயே குறைஞ்ச ரேட்லதான் நேரம் விக்கணும்னு ஃபெடரல் சட்டம் இருக்கு, வெளிக்குழுக்களுக்கு அந்தச் சலுகை கிடையாது. அதனால ஒரே ஒரு டாலர் புரோட்டாசேவிட்ஸ் கையில இருந்தா வாங்குற விளம்பரம் அதிகம், கெல்லி ஆதரவுக் குழு கையில இருந்தா குறைவு. கெல்லியோட சொந்த கேம்பெய்ன் செலவு அவங்க செலவுக்குப் பக்கத்துலகூட வரல. தன்னை நியமிச்ச கவர்னர் கையெழுத்துப் போட்ட சட்டமே தன்னைக் கவுத்த பணத்துக்கு வாசலா இருந்ததை அவர் எப்படி எடுத்துக்கிட்டாரோ.

ஏப்ரல் 4, 2023. புரோட்டாசேவிட்ஸ் 10,21,822, கெல்லி 8,18,391. முதல் தடவையைவிட அவருக்கு 1,25,000 ஓட்டு அதிகம் வந்திருக்கு பாருங்க, அவர் ஆட்கள் வராம இல்ல. எதிர்ப் பக்கம் அதைவிட வேகமா வந்துச்சு, டேன் கவுண்டியில மட்டும் 80 சதவீதத்துக்கு மேல புரோட்டாசேவிட்ஸுக்கு.

அன்னிக்கு ராத்திரி க்ரீன் லேக்ல ஒரு ஹோட்டல்ல அவர் பேசினது நாடு முழுக்கப் போச்சு. தகுதியான எதிராளிகிட்ட தோல்வியை ஒத்துக்கிற நிலைமையில இருக்கணும்னு ஆசைப்படுறேன், ஆனா எனக்கு அப்படி ஒரு எதிராளி இல்லன்னார். பொய்க்காரின்னார். மக்கள் முடிவை மதிக்கிறேன்னும் சொன்னார், விஸ்கான்சினுக்கு வாழ்த்து, அது தேவைப்படும்னும் சொன்னார். அவர் கோபத்துல ஒரு உண்மையான வலி இருக்குன்னு எனக்குத் தோணுது, ஜட்ஜுன்னா இப்படித்தான் இருக்கணும்னு ஒரு பிம்பத்தை வாழ்நாள் முழுக்க நம்பின ஆள் பேசுற மாதிரிதான் இருந்துச்சு. ஆனா பத்து லட்சம் பேர் தேர்ந்தெடுத்த ஒருத்தரைத் தகுதியில்லன்னு சொல்றது அந்தப் பத்து லட்சம் பேரைச் சொல்றதுதான், கோர்ட் மேல மரியாதை இருக்கிற ஒருத்தர் அந்த மேடையில அதைச் சொல்லியிருக்கக் கூடாது. ரெண்டு வருஷம் கழிச்சு 2025 ஏப்ரல்ல இதே மாதிரி ஒரு சீட்டுக்கு நின்னு பத்து பாயிண்ட்ல தோத்த, கெல்லி அணியைச் சேர்ந்த பிராட் ஷிமெல், கூட்டம் கத்தினப்போ, இல்ல, முடிவை ஏத்துக்கத்தான் வேணும்னு அவங்களை அமைதிப்படுத்தினார். எலான் மஸ்க் பணமும் கூட்டமுமா வந்து இறங்கின அந்தத் தேர்தல்லயும் அவருக்குக் கிடைச்சது 45 சதவீதம். 2018ல அதே அணியிலேர்ந்து இந்தக் கோர்ட்டுக்கு நின்னு தோத்த மைக்கேல் ஸ்க்ரீனாக் வாங்கினதும் 44 சொச்சம்தான்.

அப்போ இது கெல்லிங்கிற ஆளோட தோல்வியா, அணியோட தோல்வியா? எண்ணிக்கையை வரிசையா வெச்சுப் பார்த்தா அணிதான்னு தோணுது. ஆனா நடுவுல 2019ல அதே அணியிலேர்ந்து ஹேகடோர்ன் சுமார் 6,000 ஓட்டுல ஜெயிச்சிருக்கார், அதுவும் தேர்தல் நடுவுல ஆதரவு கொடுத்த ஒரு சங்கம் கையைக் கழுவிட்டுப் போன பிறகு. அதனால ஜெயிக்கவே முடியாத களம்னு சொல்றதும் முழு உண்மை இல்ல. கெல்லிக்கு ஒரு ஆளை சம்மதிக்க வைக்கத் தெரிஞ்சுது, அது கவர்னர் வாக்கர். பெஞ்சுல ஆறு பேர்கிட்ட வாதம் வைக்கிற மாதிரியே மாநிலத்துகிட்டயும் பேசினார், ஓட்டர் அவர்கிட்ட கேட்டது வேற. என் உடம்பு, என் தொகுதி, என் ஓட்டு பத்தி நீங்க என்ன நினைக்கிறீங்கன்னு கேட்டாங்க, அவர் அரசியல் சட்டத்தோட வாசகத்தைப் பத்தி பதில் சொன்னார்.

2023 டிசம்பர் 22ல விஸ்கான்சின் சுப்ரீம் கோர்ட் 4-3ல அந்தத் தொகுதி மேப்பை ரத்து பண்ணுச்சு. தீர்ப்பை எழுதினது கரோஃப்ஸ்கி, கூட கையெழுத்துப் போட்ட மூணு பேர்ல ஒருத்தர் புரோட்டாசேவிட்ஸ். 2025 ஜூலை 2ல 1849ஆம் வருஷ கருக்கலைப்புத் தடை இனி செல்லாதுன்னு வந்த தீர்ப்பும் 4-3தான், அந்த நாலு பேர்லயும் அவங்க ரெண்டு பேரும் இருந்தாங்க, கெல்லி ஓட்டுக் கேட்ட அந்த ரெண்டு சீட்லயும் உக்காந்துக்கிட்டு.